நாற்காலியிலும் யோகா உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நடுவயதில் யோகா கற்று ஆசிரியைகளான பெண்களைப் பற்றிய கட்டுரையை வரவேற்கிறேன். ஆனால் அதை அதிசயம்போல் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மைசூரில் யோகா குரு கிருஷ்ணமாச்சாரியாரிடம் கற்க இந்திரா தேவி போய் நின்றபோது அவருக்கு நாற்பதை நெருங்கும் வயது. முதலில் மறுத்த குருவே பிறகு அவரைக் கற்பிக்கச் சொன்னார். பிரான்ஸின் யோகா ஆசிரியை ஷார்லோட் ஷோபன் 50 வயதில்தான் யோகாவைத் தொடங்கினார். 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 101.

கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வந்த காலத்தில், இடுப்பு வலி தாங்காமல் பாயை விரித்தவள் நான். இப்போது எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தருகிறேன். வலியை அனுபவித்தவள் என்பதால், ‘இன்னும் குனியுங்கள்’ என்று யாரையும் விரட்டுவதில்லை. சம்மணமிட முடியாதவருக்கு நாற்காலி போடுகிறேன். இருபது வயதுப் பயிற்சியாளருக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும் (அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்).

ஆனால் என்னைப் போன்றவர்கள் கற்பிக்க முறையாகச் சான்றிதழ் பெறத்தான் வழி கரடுமுரடு. நான் விசாரித்த தனியார் பயிற்சிகள் வார நாட்களில் நடக்கின்றன. கட்டணமும் கைக்கு எட்டவில்லை. செங்கல்பட்டிலேயே அரசின் சர்வதேச யோகா, இயற்கை மருத்துவ அறிவியல் நிலையம் இருக்கிறது. நாற்பது கடந்தவர்களுக்கென அங்கே வார இறுதிப் பயிற்சி ஒன்று தொடங்கலாம். பயிற்சி முடித்தவர்கள் வகுப்பெடுக்க, நந்திவரம்-கூடுவாஞ்சேரி நகராட்சி காலையில் ஒரு மணி நேரம் பொதுக்கூடம் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும். பாயை நாங்களே கொண்டுவருவோம்.

ஒரு வாசகி,
கூடுவாஞ்சேரி.