ஊர்காண நடப்போம்

சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை வகுப்பில் நடத்துங்கால் ஊர்காண் காதையை விரைந்து கடந்துவிடுவது ஆசிரியர் பலருக்கும் வழக்கம். கொலைக்களக் காதையும் வழக்குரை காதையும் காட்டும் அவலம் மாணவரை ஈர்க்கும். தேர்விலும் வினா வரும். ஊர்காண் காதையிலோ நிகழ்ச்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணகியைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் இருத்திவிட்டுக் கோவலன் தனியே மதுரைக்குள் செல்கிறான், வீதிகளைச் சுற்றிப் பார்க்கிறான், மீண்டு வருகிறான். அவ்வளவே. யானும் பல ஆண்டுகள் அக்காதையை ஒரே பாடவேளையில் முடித்ததுண்டு.

அது பிழை என்று இப்போது உணர்கிறேன். மணி விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, அறுவை வீதி, கூலக்கடைத் தெரு என ஒரு மாநகரின் வாழ்க்கை முழுவதையும் கோவலனின் கால்வழியே இளங்கோவடிகள் நமக்குக் காட்டுகிறார். தேரில் சென்றிருந்தால் அவன் இவ்வளவும் கண்டிருக்க இயலாது. ஒரு நகரத்தை அறிய விரும்புவோர் அதனை நடந்தே அறிதல் வேண்டும் என்பது என் துணிபு. அதிலும் அங்காடித் தெருக்களின் வழியாகவும் நீர்வழிகளின் கரையாகவும் நடத்தல் வேண்டும். சென்னை மாநகரைச் சான்றாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

உப்பு வந்த வழி

சென்னையில் வாழ்வோர் கூவத்தை அறிவர், அடையாற்றை அறிவர். இவ்விரண்டையும் வடக்குத் தெற்காக இணைக்கும் பக்கிங்காம் கால்வாயை, மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கவேண்டிய ஒரு சாக்கடை என்ற அளவில் மட்டுமே அறிவர். அதன் வரலாறோ நாம் தலைநிமிர்ந்து கேட்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. 1837 இல் அரசு இதனை ஏற்றுக்கொண்டது. பின்னர் வடக்கே ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் இது நீண்டது. ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வழியில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, 1876-78 ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. பசித்து வந்த ஏழை மக்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய பகுதி அது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு நிலைத்தது. மண் சுமந்தவர்களுள் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

உப்பும் விறகும் நெல்லும் இக்கால்வாய் வழியே படகுகளில் வந்தன. சென்ட்ரல் நிலையத்திற்கு அருகில் சால்ட் கொட்டார்ஸ் என்றோர் இடம் உண்டு. ஆங்கிலப் பெயர்போல் ஒலிக்கும் அதனுள் நம் 'கொட்டாரம்' ஒளிந்திருக்கிறது. அஃது உப்பைக் குவித்துவைத்த பண்டகசாலையின் பெயர். உப்பை விற்று நெல்லைப் பெற்றுக்கொண்டு வந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்தின் உப்பங்கழியில் வரிசையாகக் கட்டப்பட்டிருந்த காட்சியைப் பட்டினப்பாலை கூறும். அப்பகுதியை நடத்தும் நாம், அதே தொழிலை நேற்றுவரை செய்த கால்வாய் ஒன்று நம் பேருந்துத் தடத்திற்குக் கீழே ஓடுவதை மாணவர்க்குக் காட்டியதில்லை.

என் தாய்வழிப் பாட்டனார் மீர்சாகிப்பேட்டையில் விறகுத் தொட்டி வைத்திருந்தவர். சவுக்குக் கட்டைகள் படகில் வந்து இறங்கும் நாளில் விடியற்காலைத் தொழுகையை முடித்த கையோடு கரைக்குச் சென்றுவிடுவாராம். ஓடக்காரர் நீண்ட கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு வருவதை அவர் நடித்தே காட்டுவார். 1965, 1966 ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. லாரிகளும் பெருகிவிட்டன. படகுகள் நின்றன. பாட்டனாரின் தொட்டியும் சமையல் எரிவாயு வந்தபின் மூடப்பட்டது. எண்பது அகவை கடந்த நம் சமுதாயப் பெரியோர்களைக் கேட்டால் இத்தகைய செய்திகள் இன்னும் எத்தனையோ கிடைக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அங்காடியிலிருந்து கரைக்கு

எம்.ஃபில். ஆய்வு செய்துகொண்டிருந்த நாளில் ஞாயிறுதோறும் நடப்பது என் வழக்கமாயிற்று. 1795 இல் எழுந்த திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, நெடுஞ்சாலை வழியே ஜாம் பஜாரை அடைவேன். பொழுது நன்றாகப் புலர்வதற்குள் அங்கே வாழைத்தாரும் கீரைக்கட்டும் இறங்கியிருக்கும். உருதுவில் விலை கேட்பார் ஒருவர். தெலுங்கு கலந்த தமிழில் விடை சொல்வார் மற்றொருவர். பேரம் முடிந்ததும் இருவரும் சிரிப்பர். மொழிக்கலப்பைப் பற்றி நூலில் படித்ததனினும் மிகுதியாக அங்கே கற்றேன் எனல் மிகையன்று.

முன்னாளில் பைகிராப்ட்ஸ் சாலை எனப்பட்ட பாரதி சாலையின் நடைபாதையில் பழைய நூல்களைப் பரப்பி வைத்திருப்பார்கள். என் ஆய்வுக்குத் தேவைப்பட்ட பழம்பதிப்பு ஒன்றை நூலகங்களில் தேடிச் சலித்தபின் அந்நடைபாதையில் 20 ரூபாய்க்கு வாங்கினேன். கடைக்காரர் எழுதப்படிக்கத் தெரியாதவர். எனினும், 'சீறாப்புராணம் கேட்டு ஒருத்தர் போன வாரமும் வந்தாரு' என்று நூற்பெயரைப் பிழையின்றிச் சொன்னார்.

அச்சாலையிலேயே கடற்கரை நோக்கிக் கிழக்கே நடந்தால் கால்வாய் குறுக்கிடும். பெரும்பாலோர் அங்கே நில்லாமல் கடலைக் காண விரைவர். யான் கரையோரமாகத் திரும்பித் தெற்கே நடப்பேன். பல இடங்களில் கரை இராது. சந்துகளுக்குள் புகுந்து மீண்டும் நீரை எட்டவேண்டும். அச்சந்துகளில்தான் ஜாம் பஜாரில் கண்ட முகங்களை மறுபடியும் கண்டேன். கீரை விற்ற அம்மையார், மீன்கூடை சுமந்தவர், மூன்று சக்கர மிதிவண்டியில் மூட்டை ஏற்றிச் சென்றவர் எனப் பலரும் அக்கரையில் வாழ்ந்தனர். அங்காடியில் நாம் காண்பது நகரத்தின் முகம். அதன் முதுகு கால்வாய்க் கரையில் இருக்கிறது. சுமை ஏறுவது முதுகில் அன்றோ!

மயிலாப்பூரில் தண்ணீர்த்துறை மார்க்கெட் என்றோர் அங்காடி உண்டு. எந்தத் தண்ணீர், எந்தத் துறை என்று வினவத் தோன்றும் மாணவனே வரலாற்று மாணவன். அவ்வினா பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்திருப்பவனுக்குத் தோன்றுவது அரிது.

பாலத்தின் மேலும் கீழும்

கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995 இலும், மயிலாப்பூர் வரை 1997 இலும் பறக்கும் இரயில் ஓடத்தொடங்கியது. அதன் தூண்கள் பல இடங்களில் கால்வாயின் உள்ளேயே நடப்பட்டன. அவ்விரயிலில் யானும் செல்கிறேன். அது பயனற்றது என்று கூறமாட்டேன். ஆயினும் அகன்றிருந்த நீர்வழி ஒடுங்கியது. நகரின் கழிவுநீரையெல்லாம் அதனுள் விட்டோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது அந்நீரைப் பல இடங்களில் தன்னுள் வாங்கிக் கரையோர மக்களுக்கு அரணாக நின்றது இதே கால்வாய். 2008 இல் இது தேசிய நீர்வழி ஒன்றன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதுதான், நீர் போகும் வழியை நாமே அடைத்துவிட்டோம் என்று எல்லாரும் பேசினோம்.

அப்பேச்சின் முடிவில் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டவர் யாவர்? கரையில் குடிசை போட்டவர்களே. கால்வாயைக் கெடுத்தவர் அவர்களே என்று கற்றோரும் கூறக் கேட்டிருக்கிறேன். நடந்து பார்த்தவன் அவ்வாறு கூறான். மாடி வீடுகளின் கழிவுநீர்க் குழாய் எங்கே வந்து முடிகிறது என்பதை அவன் கண்டிருப்பான். நெகிழிக் குப்பை எத்தெருவிலிருந்து வந்து விழுகிறது என்பதையும் கண்டிருப்பான். குடிசைவாசிகளின் பங்கு அறவே இல்லை என்பது என் வாதமன்று. அவர்கள் போக்கிடமின்றி ஆங்கே வாழ்ந்தவர்கள். நாமோ வசதிகள் அனைத்தும் இருந்தும் அதனைச் சாக்கடையாக்கியவர்கள்.

புறஞ்சேரி

இனி, கூற நாணும் ஒரு செய்தியைக் கூறவேண்டும். யான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் இளங்கலை வகுப்பில் மாணவன் ஒருவன் இருந்தான். யாப்பிலக்கணத்தில் வகுப்பிலேயே முதல்வன். முதல் பருவத்தில் ஒருநாளும் தாமதமாக வந்தவனல்லன். இரண்டாம் பருவத்தில் முதல் பாடவேளை முடியுந் தறுவாயிலேயே வந்து நிற்கலானான். நான் பலமுறை கடிந்துகொண்டேன். ஒருநாள் வெளியே நிற்கவும் வைத்தேன். அவன் ஒன்றும் கூறவில்லை. சில வாரங்களில் வருவதையே நிறுத்திவிட்டான்.

பதிவேட்டில் இருந்த முகவரிக்குச் சென்றேன். அது அவனுடைய அத்தை வீடு. கால்வாய்க் கரையில் வாழ்ந்ததைப் பிறர் அறியலாகாது என்று அத்தை வீட்டு முகவரியைக் கொடுத்திருந்தான். கரையிலிருந்த வீடுகளை அகற்றிவிட்டார்கள் என்றும், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்றும் அத்தை சொன்னார். இருமுறை பேருந்து மாறி அங்கே போய்ச் சேர்ந்தேன். அடுக்கடுக்காக ஒரே அச்சில் வார்த்த சிறு வீடுகள். அவன் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

'ஐயா, விடியக்காலை கிளம்பினாலும் முதல் பாடத்துக்கு வர முடியல. அம்மாவுக்கும் இங்க வேலை இல்ல. மார்க்கெட்டுல வியாபாரம் பண்ணினவங்க, அவ்வளவு தூரம் கூடையோட எப்படிப் போவாங்க?' என்றான். என் மீது அவனுக்குச் சினம் இல்லை. தேநீர் வாங்கித் தந்தான். அவன் திரும்பவும் கல்லூரிக்கு வரவில்லை.

அக்குடியிருப்பின் பெயர் கண்ணகி நகர். கண்ணகியைப் புறஞ்சேரியில் இருத்திவிட்டு அங்காடியின் அழகைக் கண்டு மகிழ்ந்து மீண்டான் கோவலன். அவன் கண்டது முகம் மட்டுமே. அந்நகரின் நீதி எத்தகையது என்பதை மறுநாள்தான் அறிந்தான். ஞாயிறுதோறும் நடந்த யானும், பணி கிடைத்து இருசக்கர வண்டி வாங்கியபின் நடப்பதை விட்டுவிட்டேன். கரையில் வீடுகள் இடிபட்ட செய்தி என் செவிக்கு எட்டவேயில்லை. நடந்துகொண்டிருந்தேனாயின் அறிந்திருப்பேன்; அறிந்திருந்தால் அப்பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கமாட்டேன். முதல்வரிடம் சொல்லிப் பாடவேளையையோ விடுதியையோ ஏதேனும் வழி செய்திருக்கலாம். அன்றுமுதல் மீண்டும் நடக்கிறேன்.

செய்யத்தக்கன

இவ்வனுபவத்திலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்க விழைகிறேன்.

முதலாவது, நம் துறை மாணவர்கள் ஆண்டிற்கு இருமுறையேனும் ஆசிரியருடன் நகரத்தை நடந்து காணவேண்டும். இது சுற்றுலா அன்று, பாடம். ஊர்காண் காதையையும் பட்டினப்பாலையையும் அங்காடியில் நின்று படிக்கலாம். ஊர்ப்பெயர், தெருப்பெயர், தொழிற்சொல் ஆகியவற்றைத் திரட்டலாம். ஓடம், துறை, தொட்டி, கொட்டாரம் முதலிய சொற்களை வழங்கியோர் மறைவதற்கு முன் அவர்களிடம் கேட்டு எழுதலாம்.

இரண்டாவது, கால்வாயை மூடிச் சாலையாக்கிவிட்டால் தொல்லை தீரும் என்னும் எண்ணத்தை நாம் ஏற்கலாகாது. மழைநீருக்கு வழி வேண்டும். ஓடும் ஆற்றின் கரையில் ஒளுச் செய்யும்போதும் நீரை வீணாக்காதீர் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். பஞ்சத்தில் வாடியோர் வெட்டித் தந்த நீர்வழியைக் கழிவுக்குழியாக விட்டுவைப்பது நமக்கு அழகாகாது. நம் பள்ளிவாசல்கள், பள்ளிகள், விடுதிகள், வீடுகள் ஆகியவற்றின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று பெரியோர்கள் முதலில் விசாரித்தல் நன்று.

மூன்றாவது, கரையைத் தூய்மை செய்வதென்பது கரையில் வாழ்ந்தோரைக் கண்காணாத் தொலைவுக்குத் தள்ளுவதாகலாகாது. அங்காடியை நம்பிப் பிழைப்போர்க்கு அங்காடிக்கு அருகிலேயே வீடு வேண்டும். அஃது இயலாதபோது அவர்தம் பிள்ளைகளின் படிப்பு முறியாதிருக்க, இடம் மாற்றப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு விடுதி இடமும் பேருந்துக் கட்டணமும் தர ஒரு நிதியை நாம் ஏற்படுத்தலாம். ஜகாத்தும் சதகாவும் கொடுக்கும் கரங்களுக்கு இது பெருஞ்சுமையன்று. பிறர் செய்வதற்குக் காத்திராமல் நாம் தொடங்கலாம்.

மாணவச் செல்வங்களே, வரும் ஞாயிறு விடியற்காலையில் பெரிய பள்ளிவாசலின் வாயிலிலிருந்து யான் நடக்கத் தொடங்குவேன், இறைவன் நாடினால். ஜாம் பஜாரில் ஒரு தேநீர். பின்னர்க் கால்வாய்க் கரையோரமாக மயிலாப்பூர் வரை. வர விரும்புவோர் செருப்பை மட்டும் நல்லதாக அணிந்து வருக. இயலுமாயின் அங்கிருந்து பேருந்தேறிக் கண்ணகி நகருக்கும் போய்வருவோம்.