வாங்குபவர் நம்மவர் என்பது மட்டும் போதுமா?





ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் மாலை நேர மத்ரஸாவுக்கு வரும் பிள்ளைகளிடம் அண்மைக் காலமாக ஒரு விவாதம் ஓய்வதில்லை. அயல்நாட்டுச் செல்வந்தர் ஒருவர் கால்பந்துக் கழகம் ஒன்றை விலைக்கு வாங்குவது நல்லதா, கெட்டதா என்பதே அது. 2023ஆம் ஆண்டு கத்தாரின் ஷேக் ஜாஸிம் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை முழுமையாக வாங்க முன்வந்தபோது, "நம்மவர் வாங்கப் போகிறார்" என்று மகிழ்ந்தவர்கள் நம் தெருக்களிலும் இருந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் அவர் விலகிக்கொண்டார். மறு ஆண்டு பிரிட்டன் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால் பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கினார். "முஸ்லிம் என்பதால்தான் கொடுக்கவில்லை" என்றனர் சிலர். "வெளிநாட்டார் வந்தாலே விளையாட்டு கெட்டுவிடும்" என்றனர் வேறு சிலர்.

இது பிள்ளைகளின் பேச்சுதானே என்று ஒதுக்கிவிட நமக்கு மனம் வரவில்லை. ஒரு கழகத்தின் உரிமையாளரை எந்த அளவுகோலால் நம் பிள்ளைகள் எடைபோடுகிறார்களோ, அதே அளவுகோலால்தான் நாளை தங்கள் முதலாளியையும், ஜமாஅத் நிர்வாகியையும், மஸ்ஜிதுக்குக் கொடையளிக்கும் செல்வந்தரையும் எடைபோடுவார்கள். ஆகவே அந்த அளவுகோலைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டில் நடந்தவை

தொலைவில் தேட வேண்டியதில்லை. கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் விளையாடி வந்த சென்னை சிட்டி கழகம், 2019 மார்ச் மாதம் ஐ-லீக் கோப்பையை வென்றது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் அதன் பயிற்சியாளர். தமிழகக் கழகம் ஒன்று ஐ-லீக் வாகையைச் சூடியது அதுவே முதன்முறை. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் அதன் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. ஐரோப்பியப் பயிற்சி வரும், இளையோர் பயிற்சிக்கூடங்கள் வரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். ஆனால், வாகை சூடி மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள், 2021-22 பருவத்தின் ஐ-லீகில் அக்கழகமே இடம்பெறவில்லை. இதற்குப் பாசலை மட்டும் பொறுப்பாக்குவது நீதியாகாது. எனினும் வெளிநாட்டுப் பங்கு ஒரு கழகத்தைத் தானாகக் காப்பாற்றிவிடாது என்பது தெளிவாயிற்று.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. அதே பாசல் கழகத்தையே 2021இல் சென்ட்ரிகஸ் என்னும் பிரிட்டன் முதலீட்டு நிறுவனத்திற்குக் கொடுத்துவிட அதன் உரிமையாளர் முற்பட்டபோது, அந்நகர ரசிகர்கள் கடுமையாக எதிர்த்தனர். இறுதியில் அவ்வாண்டு மே மாதம், அக்கழகத்தின் முன்னாள் வீரர் டேவிட் டேகனின் கைக்கு அது வந்தது. கோவையில் வாங்குபவராக இருந்தவர்கள், தம் ஊரில் விற்கப்படும் நிலைக்கு ஆளாயினர்.

மும்பை சிட்டி கழகத்தின் கதையையும் காண்போம். 2019 நவம்பரில் சிட்டி ஃபுட்பால் குழுமம் அதன் 65 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அபுதாபியின் ஷேக் மன்சூருடைய நிறுவனம் பெரும்பங்கு வைத்திருக்கும் குழுமம் அது. அதே குழுமத்தில் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கும் பங்குண்டு. "நம்மவர் பணம்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் தொகையில் எத்தனை பேருடைய கை கலந்திருக்கிறது பாருங்கள். அப்பணத்தால் மும்பை அணி கோப்பைகளை வென்றது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தியன் சூப்பர் லீகின் எதிர்காலம் நிச்சயமற்றதானபோது, 2025 டிசம்பரில் அக்குழுமம் விலகிக்கொண்டது. வணிகர் வணிகராக நடந்துகொண்டார். மழையில் நனைந்து கொடி பிடித்த ரசிகருக்கு அவ்வாறு விலகிச் செல்ல வழியில்லை.

இரண்டு தவறுகள்

இவ்விவாதத்தில் நம்மவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கின்றனர்.

முதலாவது, வாங்குபவர் முஸ்லிம் என்பதாலேயே அவரை ஆதரிப்பது. நாமே ஆயினும், பெற்றோராயினும், உறவினராயினும் அவர்களுக்கு எதிராகவும் நீதிக்குச் சாட்சியாக நிற்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. ஒருவரின் ஈமான் அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலானது. அவருடைய ஒப்பந்தமோ மக்களுடன் செய்யப்படுவது. ஒப்பந்தத்தை ஒப்பந்தமாகவே ஆராய வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டார் என்பதாலேயே ஒருவரை வெறுப்பது. ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நம்மை அநீதிக்குத் தூண்டிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயம் எச்சரிக்கிறது. மக்காவில் ஹில்ஃபுல் ஃபுளூல் என்னும் உடன்படிக்கை எதற்காக உருவாயிற்று? யமனிலிருந்து சரக்குடன் வந்த வெளியூர் வணிகர் ஒருவருக்கு உள்ளூர்ப் பிரமுகர் விலை கொடுக்காமல் ஏமாற்றியதால் உருவாயிற்று. நபித்துவத்திற்கு முன்னரே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வுடன்படிக்கையில் பங்கேற்றார்கள். அங்கே அநீதி இழைத்தவர் உள்ளூர்க்காரர், பாதிக்கப்பட்டவரே வெளியூரார். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த நம் முன்னோரும் அம்மண்ணுக்கு வெளிநாட்டு வணிகர்களே அல்லவா?

இந்தியரும் அயலாராக நின்றதுண்டு. 2010இல் புனேயைச் சேர்ந்த வெங்கீஸ் கோழிப்பண்ணை நிறுவனத்தார் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை வாங்கினர். 1995இல் அந்நாட்டு முதன்மைத் தொடரை வென்ற கழகம் அது. 2012 மே மாதம் அது கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்ட ஆட்டத்தில், ரசிகர் ஒருவர் உயிருள்ள கோழியைத் திடலுக்குள் விட்டார். அவர்களின் கோபம் நிர்வாகத்தின் மீதா, நிறத்தின் மீதா என்று நாம் கேட்போம். அதே கேள்வியை நம் பிள்ளைகளிடமும் கேட்பதே நேர்மை.

கேட்க வேண்டியவை

அப்படியாயின் எதைக் கொண்டு எடைபோடுவது? மார்க்கம் கற்பித்த மூன்று கேள்விகள் போதும் என்பது நம் கருத்து.

ஒன்று, பணம் எங்கிருந்து வருகிறது? 2005இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பத்தினர் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தை வாங்கியபோது, வாங்குவதற்காகப் பெற்ற கடனில் பெரும்பகுதியைக் கழகத்தின் தலையிலேயே சுமத்தினர். வாங்கியவர் பட்ட கடனுக்கு, வாங்கப்பட்ட கழகம் வட்டி கட்டியது. நுழைவுச்சீட்டுக்காக ரசிகர் தந்த பணமும் அதில் அடங்கும். மனம் வெறுத்த ரசிகர்களில் ஒரு சாரார் அதே ஆண்டில் 'எஃப்.சி. யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர்' என்ற பெயரில் தமக்கென்று ஒரு கழகத்தைத் தொடங்கினர். வட்டி ஏன் தடுக்கப்பட்டது என்று வகுப்பில் விளக்க இதைவிட எளிய உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு, உழைப்பவருக்கு உரிய நேரத்தில் கூலி கிடைக்கிறதா? உழைப்பாளியின் வியர்வை உலர்வதற்கு முன் கூலி தரப்பட வேண்டும் என்பது நாம் அறிந்த நபிமொழி. இதைக் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தோடு வைத்துப் பார்க்கலாம். 1891இல் முஸ்லிம்கள் தொடங்கிய கழகம் அது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் கல்கத்தா லீகை வென்று, நாடெங்கும் உள்ள முஸ்லிம்களின் நெஞ்சை நிமிரச் செய்தது. அண்மைக் காலத்தில் முதலீட்டாளர்கள் அதற்குள் வந்தனர். 2023-24இல் ஐ-லீகை வென்று இந்தியன் சூப்பர் லீகுக்கும் உயர்ந்தது. ஆனால் உயர்ந்த முதல் பருவத்திலேயே, சம்பள நிலுவைக்காக வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்த செய்தியைப் படித்தோம். பெயர் நம்முடையது, வரலாறு நம்முடையது. ஆயினும் கூலி கேட்டு நிற்கும் வீரருக்குப் பழம்பெருமை சோறு போடாது.

மூன்று, பாதிக்கப்படுவோரிடம் கலந்தாலோசித்தார்களா? உஹதுக் களத்திற்கு முன் நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் மஷூரா செய்தார்கள். மதீனாவுக்குள்ளேயே இருக்கலாம் என்பது அவர்களின் எண்ணமாக இருந்தும், வெளியே சென்று எதிர்கொள்ள விரும்பியோரின், குறிப்பாக இளையோரின், கருத்தை ஏற்றார்கள். வஹீ பெற்றவரே கேட்டிருக்க, பணம் பெற்றவர் கேட்காமலிருப்பது எவ்விதம் தகும்?

கேட்டவர்கள் திருந்தியதும் உண்டு. கார்டிஃப் சிட்டி கழகத்தின் நீல நிறத்தை மலேசியத் தொழிலதிபர் வின்சென்ட் டான் 2012இல் சிவப்பாக்கினார். ரசிகர்கள் ஓயாமல் எதிர்த்தனர். 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. ஒற்றுமையின் அருமையைத் தம் தாயார் எடுத்துரைத்ததும் ஒரு காரணம் என அவரே கூறினார். கொல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தின் பெயருக்கு முன் 2020இல் ஒட்டப்பட்ட 'ஏ.டி.கே.' என்னும் எழுத்துகள், ரசிகர்களின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பின் 2023இல் நீங்கின. ஜெர்மனியிலோ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, வாக்குரிமையில் பாதிக்கு மேல் கழக உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. அங்கே இது ரசிகர்கள் கெஞ்சிப் பெறும் சலுகையாக இல்லை.

"காசு போட்டவருக்குத்தானே உரிமை?" என்று சில பெரியவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான், கழகம் வக்ஃப் சொத்து அன்று. அதை விற்கலாம், வாங்கலாம். ஆனால் வாங்கும் பொருளில் பாதி, ஏட்டில் எழுதப்படாத பிறருடைய உழைப்பும் நேசமும் ஆகும். அரங்கம் காலியாக இருந்தால் அக்கழகத்தை எவர் விலை பேசுவார்? பிறருடையது நம் கைக்கு வரும்போது அதற்கு அமானிதம் என்று பெயர்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டில் பொருளீட்டிய சகோதரர்களின் கொடையால் நம் மஸ்ஜிதுகளும் மத்ரஸாக்களும் நிமிர்ந்து நிற்கின்றன. அல்லாஹ் அவர்களுக்கு நிறைவான கூலி வழங்குவானாக! ஆயினும் கொடையோடு நிபந்தனை வரும்போது, "அவர் நம்மவர்தானே" என்று நாம் வாய்மூடி விடுகிறோம். பணம் எவ்வழியில் வந்தது, இமாமுக்கும் ஆசிரியருக்கும் முஅத்தினுக்கும் மாதச் சம்பளம் தவறாமல் சேருமா, மஹல்லா மக்களிடம் கேட்டார்களா என்று வினவுபவரை நன்றி கெட்டவர் என்கிறோம். அவ்வாறு வினவுவதே கொடையாளிக்கு நாம் செய்யும் நன்மை. அவருடைய அமலைப் பாதுகாப்பதும் அதுவே.

ஆகவே பெற்றோர்களே, இரவு உணவின்போது பிள்ளை கால்பந்துப் பேச்சை எடுத்தால் தடுக்காதீர்கள். "உன் கழகத்தை வாங்கியவர் யார்?" என்பதோடு நிறுத்தாமல், "அவர் எப்படி வாங்கினார்? யாருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்? யாரைக் கேட்டார்?" என்றும் வினவுங்கள். விளையாட்டில் இக்கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஜமாஅத் கூட்டத்திலும் எழுந்து கண்ணியமாகக் கேட்பான். அவனை உட்காரச் சொல்லாமல் பதில் சொல்லும் பெரியவர்களாக நாமும் இருக்க வேண்டும்.

நம்மவர், பிறர் என்று பாராமல் நீதியின் பக்கம் நிற்கும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.