‘ரிலீஸ்’னா என்ன? தண்ணி வருதா, பணம் வருதா?

மொபைலில் ‘ரிலீஸ்’ என்று பார்த்தால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது படம்தான். தென்பெண்ணைக் கரையில் இருக்கும் மூங்கில்துறைப்பட்டில் அந்தச் சொல்லுக்கு இன்னும் ரெண்டு வேலை இருக்கு. ஆற்றின் மேல்பக்கம் சாத்தனூர் அணை. இங்கேயே கள்ளக்குறிச்சி கூட்டுறவு சர்க்கரை ஆலை.

‘தளர்த்து’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்த வினை இது. நாம் சொல்லும் ‘ரிலாக்ஸ்’ இதுக்குப் பங்காளி! பிடித்து வைத்திருந்ததை விடுவதுதான் மையப் பொருள். ஆங்கிலம் இந்த ஒரே வினையை வைத்து எல்லாவற்றையும் ஓட்டிவிடும். தமிழில் படத்தை வெளியிடுகிறோம், கைதியை விடுதலை செய்கிறோம், நிதியை விடுவிக்கிறோம்.

அணைத் தண்ணீருக்கு மட்டும் நம்மிடம் ரெண்டு சொல். பாசனத்துக்கு என்றால் ‘திறப்பு’, வெள்ளம் என்றால் ‘உபரிநீர் வெளியேற்றம்’. முதலாவதுக்கு மலர் தூவுவார்கள். அடுத்ததுக்கு மேட்டுப் பக்கம் ஓடணும். ஆங்கிலத்தில் ரெண்டுமே ரிலீஸ்.

ஃபெஞ்சல் புயல் மழையின்போது, 2024 டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். அதாவது ஒவ்வொரு வினாடியும் 47 லட்சம் லிட்டருக்கு மேல். முன்னறிவிப்பே இல்லை என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. அந்தச் சண்டை இருக்கட்டும். ‘1.68 லட்சம் கன அடி வெளியேற்றம்’ என்ற வரி அணையில் நின்றுகொண்டு பேசுகிறது. கரையில் தூங்குபவருக்குத் தேவை, ‘இத்தனை மணிக்கு உங்க ஊருக்குத் தண்ணி வரும், இந்தத் தெரு வரைக்கும் ஏறும்’ என்ற வரி. கன அடியை வைத்து அவர் என்ன செய்வார்?

பணத்துக்கு வருவோம். 1966-ம் ஆண்டு கரும்பு கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் தர வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி. ஆனால் எந்த ஆலையின் பாக்கி வந்தாலும் செய்தித் தலைப்பு, ‘நிலுவைத் தொகை விடுவிப்பு’. ஏதோ சலுகை காட்டியது மாதிரி இருக்கு. விவசாயி கேட்டது அவர் வெட்டி அனுப்பிய கரும்புக்கான காசு. ‘பாக்கியைக் கொடுத்தார்கள்’ என்று எழுதலாமே, கூடவே எத்தனை நாள் தாமதம், வட்டி சேர்ந்ததா என்பதையும்.