வாராக்கடன் சித்தி

சித்தன்னவாசலுக்கு எல்லோரும் ஓவியம் பார்க்கப் போவார்கள். அடியேன் போன ஞாயிற்றுக்கிழமை போனது வேறு சோலி. பத்து வயசுப் பையன் ஒருவனை அவன் அம்மாவிடம் மூன்று மணி நேரத்துக்கு ஒப்படைத்து, சாயங்காலம் பத்திரமாகத் திரும்ப வாங்கி வரவேண்டும்.

பொடியன் என் சித்தி மகன். புதுக்கோட்டையில் மாமா வீட்டில் வளர்கிறான். சித்தி அன்னவாசல் பக்கம் தனியாக இருக்கிறாள். மாசத்தில் இரண்டு ஞாயிறு பார்த்துக்கொள்ளலாம் என்பது மாமா தீர்ப்பு. இடம் மட்டும் சித்தியே கேட்டு வாங்கியது. "அண்ணன் வீட்டுல வேணாம்டா. காபி குடுக்குற சாக்குல ஆளாளுக்கு என் வாயை மோந்து பாக்குறாங்க" என்றாள்.

ஆமாம். சித்தி குடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வரியை எழுத எனக்கு நாலு வருஷம் ஆகியிருக்கிறது. இதுவே 'என் சித்தப்பா குடித்தார்' என்றால் நாலு செகண்ட்கூட ஆகியிருக்காது. உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை ராத்திரி எப்படி வீடு போய்ச் சேர்ந்தேன் என்றே தெரியவில்லை என்று திங்கட்கிழமை காலை ஒரு ஆசாமி சொல்வார். சுற்றி நின்று நாம் சிரிப்போம். அதையே டெஸ்பாட்ச் செக்‌ஷன் அம்மா ஒருத்தர் சொன்னால் சிரிப்போமா?

2019-ல் மத்திய அரசு வெளியிட்ட போதைப் பழக்க ஆய்வின்படி, இந்தியாவில் ஆண்களில் 27.3 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். பெண்களில் 1.6 சதவீதம். பதினேழு ஆணுக்கு ஒரு பெண். அந்தப் பதினேழு பேருக்கும் சிகிச்சை, அனுதாபம், 'பாவம்டா அவன், என்ன கஷ்டமோ' எல்லாம் உண்டு. பதினெட்டாவது ஆளான அந்த ஒருத்திக்கு ஒரு வசவு மட்டும் ரெடியாக இருக்கிறது. அதை இங்கே அச்சிட முடியாது.

சித்தப்பா செத்த ஆறு மாசத்தில் ஆரம்பித்தது. பகலெல்லாம் சித்தாள் வேலை. ராத்திரி உடம்பு வலி, தூக்கம் கிடையாது. கூட வேலை பார்த்தவர்கள் யாரோ 'மருந்து மாதிரி கொஞ்சம்' என்று ஊற்றிக் கொடுத்தார்கள். மருந்து ஒரு வருஷத்தில் சாப்பாடாகிவிட்டது. பெண் உடம்பில் நீர்ச்சத்து குறைவு என்பதால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் போதை அதிகம் ஏறும், ஈரலும் சீக்கிரம் கெடும் என்பது டாக்டர்கள் சொல்லிப் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் மானம் போகிறது என்பதுதான்.

குடும்பப் பஞ்சாயத்து கூடியது. நான் பி.காம். என்பதால் எங்கள் வீட்டில் கணக்கு, பாரம், கையெழுத்து எல்லாம் என் தலையில்தான் விழும். பையனைப் பள்ளிக்கூடம் மாற்றும் விண்ணப்பத்தையும் நான்தான் பூர்த்தி செய்தேன். 'பாதுகாவலர்' என்ற கட்டத்தில் மாமா பெயரை எழுதினேன். சித்தி வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். "எம் பேரையும் ஒரு ஓரமா எழுதுடா தம்பி" என்றாள். "அதுக்கெல்லாம் இடம் இல்ல சித்தி" என்றேன்.

இடம் இருந்தது. தாயின் பெயருக்கென்று தனிக் கட்டமே இருந்தது. கோடு போட்டு விட்டேன்.

காமர்ஸ் பாஷையில் இதற்கு 'வாராக்கடன்' என்று பெயர். இனி இந்த ஆளிடமிருந்து ஒரு பைசா தேறாது என்று முடிவு கட்டி, பேரேட்டிலிருந்து எழுதித் தள்ளிவிடுவது.

* * *

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது. நம் ஊரில் குடிக்கு முதல் வைத்தியம் சாமி. இதில் எனக்குக் கேலி இல்லை. மாமாவே வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். அந்த 41 நாளும் அவரைப் பார்த்தால் நமக்கே கும்பிடத் தோன்றும். மாலையைக் கழற்றின மறுநாள் அவரே நம்மைக் கும்பிடுவார், ஐம்பது ரூபாய் கேட்டு!

சித்தியைக் கோயிலுக்கு அழைத்துப் போய்க் கயிறு கட்டினார்கள். பூசாரி முன்னால் சத்தியம். அவளும் மனசார செய்தாள். அன்றைக்கே நிறுத்திவிட்டாள். ராத்திரியே கை நடுங்கியது. மறுநாள் வியர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள், "செவுத்துல பூச்சியா ஊருதுடா, தட்டி விடு" என்று கத்தினாள். அன்று சாயங்காலமே வலிப்பு. 'சாமி குத்தம்' என்றார்கள். கயிறைக் கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகக் குடித்திருப்பாள் என்றார்கள்.

குடித்ததால் வந்த வலிப்பு இல்லை சார் அது. குடிக்காததால் வந்தது. தினமும் அதிகமாகக் குடித்துப் பழகின உடம்பில் திடுதிப்பென்று நிறுத்தினால் முதல் ரெண்டு நாளுக்குள் வலிப்பும், அடுத்து இல்லாத பூச்சி, இல்லாத ஆள், இல்லாத குரல் எல்லாமும் வரலாம். உயிரே போகலாம். அதனால்தான் டாக்டர் மேற்பார்வையில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக இறக்குகிறார்கள். சாமிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. போகிற வழியில் ஆஸ்பத்திரியிலும் வண்டியை நிறுத்துங்கள். அதே ஆய்வில் இன்னொரு கணக்கு: குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார்.

சித்தி அந்த ஒருவர் ஆனதற்குக் காரணம் நாங்கள் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா. வலிப்பு வந்த ராத்திரி ஆட்டோ பிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது அவர்தான். உடம்பு தேறியதும், ஒரு சர்ச் வளாகத்து ஹாலில் ஏ.ஏ. கூட்டம் நடக்கிறது என்று விசாரித்து அழைத்துப் போனதும் அவர்தான்.

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் ஒரு பங்குச் சந்தை ஆசாமியும் ஒரு சர்ஜனும் சேர்ந்து ஆரம்பித்தது. இரண்டு பேருமே மொடாக் குடியர்கள். ஒரு குடிகாரனை இன்னொரு குடிகாரனால்தான் நிறுத்த முடியும் என்று கண்டுபிடித்தார்கள். கிறிஸ்தவ பக்தி இயக்கம் ஒன்றிலிருந்து கிளைத்ததென்றாலும், 'கடவுள், அவரவர் புரிந்துகொண்டபடி' என்று கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டார்கள். இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. கட்டணம் கிடையாது. மொத்தம் பன்னிரண்டு படிகள். முதல் படியே, 'என்னால் முடியவில்லை' என்று ஒப்புக்கொள்வது.

அங்கேயும் பெண்கள் உள்ளே நுழைவது ஆரம்பத்தில் லேசாக இல்லை. 1939-ல் மார்ட்டி மான் என்ற பெண்மணி சேர்ந்தபோது, பெண்களுக்கு இந்த வியாதி வருமா என்றே சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர் 1944-ல், குடி ஒழுக்கக்கேடு அல்ல, வியாதி என்று நாடு பூராவும் சொல்வதற்கே ஒரு அமைப்பை ஆரம்பித்தார். நம் சென்னையில் சாந்தி ரங்கநாதன், கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த மறு வருஷமே, 1980-ல், டி.டி.ஆர். பெயரில் அமைப்பு தொடங்கிப் பல்லாயிரம் குடும்பங்களைக் கரையேற்றினார். 1992-ல் பத்மஸ்ரீ. அந்த மாதிரி இடங்களின் வாசல்களில் பெண்கள் கூட்டம் எப்போதும் உண்டு. முக்கால்வாசிப் பேர் புருஷனைச் சேர்க்க வந்தவர்கள்.

சித்திக்கும் அதுதான் நடந்தது. ஹால் வாசலில் நின்ற ஒரு அம்மா அன்பாகக் கேட்டாராம், "உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரா?"

"இல்லக்கா, நான்தான் உள்ள போகணும்."

அந்த அம்மா ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, சித்தியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் நாற்காலியில் உட்கார வைத்தார். பதினாலு மாசம் ஆகிறது. சித்தி ஒரு சொட்டு தொடவில்லை. கையில் கோயில் கயிறும் அப்படியே இருக்கிறது. "ஒண்ணுக்கு ரெண்டு இருக்கட்டும்டா" என்கிறாள்.

* * *

மலைக்கு வருவோம். படி ஏறி உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால் செங்குத்தான பாறை விளிம்பு. கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துத்தான் குகைக்குப் போனார்கள். அதனால் ஏழடிப்பட்டம்.

பொடியன் குழிகளை எண்ணிக்கொண்டே வந்தான். "உனக்கு எத்தனை படிம்மா?" என்றான் திடீரென்று. யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

"பன்னெண்டு சாமி. இப்ப ஒம்பதாவதுல நிக்கிறேன்."

எட்டாவது படியில், யார் யாருக்குக் கெடுதல் செய்தோம் என்று பட்டியல் போட வேண்டும். ஒன்பதாவதில் அவர்களிடம் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டும். சித்தியின் பட்டியலில் முதல் பெயர் இந்தப் பொடியன்.

குகைக்குள் பதினேழு கல் படுக்கைகள். தலையணை மாதிரி ஒரு மேடும் வைத்து, வழவழவென்று இழைத்திருக்கிறார்கள். சமண முனிவர்கள் படுத்த இடம். கம்பி கேட்டுக்கு இந்தப் பக்கம் மூவரும் உட்கார்ந்தோம். பையன் தயங்கித் தயங்கி நகர்ந்து, அம்மா முகத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனான். மாமா வீட்டில் கற்ற பாடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதட்ட வாயெடுத்தேன்.

சித்தி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். முகத்தை நன்றாகக் குனிந்து கொடுத்தாள்.

"நல்லா மோந்து பாரு சாமி. எப்ப வேணும்னாலும் பாக்கலாம். அம்மா கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் பார்த்தான். பிறகு, "வெத்தல வாசந்தான் வருது" என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டு மடியில் சாய்ந்துகொண்டான். நான் எழுந்துபோய்க் கல்வெட்டு படிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றேன்.

கல்வெட்டு என்றால் நிஜமாகவே கல்வெட்டு. பழைய படுக்கை ஒன்றில் ரெண்டாயிரம் வருஷத்துத் தமிழ் பிராமி எழுத்து. இன்ன ஊரில் பிறந்த இன்னாருக்கு இன்னார் செய்து கொடுத்த இருக்கை என்கிற விஷயம்தான். சகலத்தையும் விட்டுவிட்டு மலை ஏறின முனிவருக்கே, படுக்கை வெட்டிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது. சித்திக்கு அது பக்கத்து வீட்டு அக்கா. பேர் தெரியாத அந்த ஹால் வாசல் அம்மா. லிஸ்டில் என் பெயர் இல்லை.

பெற்றவர்களிடமிருந்து பிள்ளையைப் பிரித்து இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும், முடிந்தவரை குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று 2015-ன் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. எங்கள் வீட்டில் சட்டமும் இல்லை, குழுவும் இல்லை. மாமாதான். ராத்திரி அவரிடம் பேசினேன்.

"மாமா, பெரிய லீவுக்குப் பையன் சித்திகிட்ட இருக்கட்டும். பக்கத்து வீட்டுல அந்தக்கா இருக்கு. நானும் வாரா வாரம் போய்ப் பாக்குறேன்."

"பதினாலு மாசந்தான்டா ஆகுது. மறுபடி தொட்டுட்டா?"

"தொடலாம். அப்ப மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். நீங்க வருஷா வருஷம் மாலை போடலியா?"

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எல்லாம் அந்த ஐயப்பன் புண்ணியம்... பாப்போம்" என்றார். 'பாப்போம்' என்றால் மாமா அகராதியில் முக்கால் சம்மதம்.

ஆனால் அந்தப் 'புண்ணியம்' உறுத்தியது. பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வாராக்கடன் என்று எழுதித் தள்ளிய பணம் பின்னால் வசூலானால், அதைக் கொடுத்த ஆளின் கணக்கில் வரவு வைக்கக் கூடாது. 'வசூலான வாராக்கடன்' என்று தனித் தலைப்பில் லாபத்தில் சேர்த்துவிட வேண்டும். பரீட்சையில் இதை மாற்றி எழுதி இரண்டு மார்க் இழந்தவன் நான். சித்தி விஷயத்தில் வீடே அதைச் சரியாகச் செய்கிறது. வரவெல்லாம் ஐயப்பனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மாமாவின் கண்டிப்புக்கு. கை நடுங்க நடுங்க நின்றவள் பெயரில் ஒரு வரி கிடையாது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். பாரம் வரும். என்னைத்தான் கூப்பிடுவார்கள். இந்தத் தடவை தாயின் பெயர் கட்டத்தில் கோடு போடப் போவதில்லை.

(உங்கள் வீட்டிலும் யாராவது இருந்தால் - அது அம்மாவாகவே இருந்தாலும் - போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண்: 14446. மோந்து பார்ப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் போன் போடுங்கள்.)