செஞ்சியை உடைத்துவிட்டு எடை குறைக்கலாமா?

படங்களைக் கையாளும் பைத்தானின் பில்லோ தொகுப்புக்கு, எழுத்துகளைச் சரியாக அடுக்கித் தரும் ராக்ம் நூலகம் தேவையில்லை, அதை விட்டால் நிரல் இலேசாகும் என்கிறார் நண்பர். படங்களைச் சுருக்க மட்டுமே பயன்படுத்துவோருக்கு அது சரி. விழுப்புரம்–திண்டிவனம் பேருந்து அட்டவணையைத் தமிழில் படமாக்குவோருக்குச் சரியே அல்ல.

ராக்ம் கிடைக்காவிட்டால் பில்லோ பிழை காட்டி நிற்காது. சத்தமில்லாமல் அடிப்படை முறைக்கு மாறிவிடும். ‘செஞ்சி’யின் ஒற்றைக்கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘விழுப்புரம்’ என்பதில் ழு, பு இரண்டும் பிரிந்து கிடக்கும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. நண்பரின் வாதம் பிறப்பதும் அங்கேதான்.

பில்லோவின் 8.2 பதிப்பு முதல் அதன் ஆயத்தத் தொகுப்பிலேயே ராக்ம் வருகிறது. அது இயங்க ஃப்ரிபிடி என்ற சிறு நூலகத்தை மட்டும் நாம் நிறுவ வேண்டும். அதன் எடைக்கு அஞ்சியா நம் ஊர்ப்பெயர்களைச் சிதைப்பது? நிரல் தொடங்கும்போதே ராக்ம் இருக்கிறதா என்று சோதியுங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.