காடு மீட்பில் ‘ஊர் மக்கள்’ என்றால் யார்?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாட்டின் தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. மிகக் கடுமையாக மாசடைந்தவை என்று அது பட்டியலிட்ட 43 இடங்களில் மணலியும் ஒன்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள்.

இப்படிப்பட்ட தொழிற்பகுதிகளின் லாபத்திலிருந்தும் காடு வளர்க்கப் பணம் போகலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமுள்ள நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம். மரம் நடுவதும் அந்தக் கணக்கில் சேரும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கே முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் புகை எண்ணூருக்கும், காடு வேறு மாவட்டத்துக்கும் என்று பங்கு பிரிப்பதை அந்த வரி தடுப்பதில்லை.

பணம் ஒரு சூழலியல் தொண்டு நிறுவனத்தின் கைக்கு வருகிறது. அவர்கள் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, ‘ஊர் மக்கள் பங்கேற்புடன் உலர் காடு மீட்பு’ என்று திட்டம் எழுதுகிறார்கள். என் ஆய்வுக்காக இப்படிப்பட்ட அறிக்கைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். மண்ணின் கார அமிலத் தன்மை, மழையளவு, கன்றுகளின் பிழைப்பு விகிதம் எல்லாம் அவற்றில் உண்டு. சாதி என்ற சொல் மட்டும் இருப்பதில்லை. ‘ஊர் மக்கள்’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஊரையும் சேரியையும் ஒன்றாக அடைத்துவிடுகிறார்கள்.

அவர்கள் மீட்க நினைக்கும் காடு உண்மையிலேயே அரியது. சோழமண்டலக் கரையோரம் குறுகிய பட்டையாக இருந்த உலர் பசுமைமாறாக் காடு அது. வீரை, காசான், பாலை, காரை என்று தடித்த சிறு இலைகளோடு கோடையிலும் பச்சையாக நிற்கும் மரங்கள். கோடியக்கரை, கிண்டி, ஸ்ரீஹரிகோட்டா, சில கோயில் காடுகள் என்று துண்டு துண்டாகவே இன்று மிஞ்சியிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாக் காடு விறகாகி, பக்கிங்காம் கால்வாய் வழியே படகில் வந்து சென்னையின் அடுப்புகளில் எரிந்தது. பிறகு அந்தத் தீவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்தபோது, அங்கே வாழ்ந்த யானாதிப் பழங்குடியினர் வெளியேற்றப்பட்டார்கள். காட்டை அழித்தபோதும் சரி, அடைத்துக் காத்தபோதும் சரி, முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்ல.

கோயில் காடுகளைப் பற்றிச் சூழலியலாளர்கள் உருகிப் பேசுவார்கள். நம்பிக்கை காட்டைக் காத்தது என்பார்கள். அந்தக் கோயிலில் யார் பூசை செய்யலாம், யார் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். பொது என்று சொல்லப்படும் எதுவும் இந்தச் சமூகத்தில் தானாகப் பொதுவாக இருந்ததில்லை. ஒரு பொதுக் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடிக்க 1927இல் மஹத்தில் அம்பேத்கர் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. தர்மகர்த்தாவிடமும் நாலு பெரியவர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ‘கிராமம் சம்மதித்தது’ என்று எழுதினால், சம்மதித்தது ஆதிக்கச் சாதி மட்டுமே.

அடுத்தது நிலம். மரம் நடத் தேடப்படுவது பெரும்பாலும் ‘தரிசு’. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை அளித்தார். அதைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சாதியினருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் அது கைமாறியது. இன்றைய பொன்னேரி, திருவள்ளூர்ப் பகுதிகளும் அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தன. காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாறுள்ள வட்டாரத்தில், பழைய பதிவேட்டைப் புரட்டாமல் ஒரு தரிசில் வேலி போடுவது ஆக்கிரமிப்பாளருக்குக் கொடுக்கும் பசுமைப் பட்டாவாகக்கூட முடியலாம்.

வேலி யாரை முதலில் தடுக்கிறது என்பதையும் பாருங்கள். சொந்த நிலம் இருப்பவர் தன் வரப்பில் மாடு மேய்ப்பார். நிலமில்லாத சேரிப் பெண்ணுக்கு இரண்டு ஆடு மேயவும், ஒரு சுமை கருவேல விறகு ஒடிக்கவும் அந்தத் தரிசுதான் இருக்கிறது. மூன்றாண்டுத் திட்டத்தின் உண்மையான செலவில் ஒரு பங்கை அவள் கட்டுகிறாள். அது எந்த வரவுசெலவிலும் ஏறுவதில்லை.

வேலையிலும் இதே கதைதான். எந்த விதை எப்போது முதிரும், எந்தப் பழத்தைப் பறவை தின்று போட்டால்தான் முளைக்கும் என்று இருளருக்குத் தெரியும். ஆனால் திட்டத்தில் அவர்களின் பெயர் ‘கூலியாட்கள்’. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகள் மீட்கப்பட்டார்கள், அவர்கள் இருளர்கள். மரத்தை வெட்டக் கடனுக்குக் கட்டிப்போட்ட அதே கைகளை மரம் நடத் தினக்கூலிக்கு அழைத்தால், அதற்குப் பங்கேற்பு என்று பெயரா?

‘மரம் வளர்ந்தால் எல்லோருக்கும் நல்லதுதானே, சாதியை இழுத்தால் திட்டமே நின்றுவிடும்’ என்பார்கள். களத்தில் வேலை செய்பவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. நிதி மூன்றாண்டுக்குத்தான். ஊரைப் பகைத்தால் குழிகூடத் தோண்ட முடியாது. ஆனால் நிதி முடிந்து காவலாள் போன பிறகு அந்தக் கன்றுகளைக் காக்கப்போவது யார்? தனக்கு உரிமையில்லாத காட்டைக் காக்க யாருக்கும் கடமையில்லை. செங்கல்பட்டு அருகே தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கத்தைப் பாருங்கள். அங்கே நாற்றங்காலும் மூலிகை மருந்துத் தயாரிப்பும் அந்தப் பெண்களின் சங்கத்திடமே இருக்கின்றன. வேறு வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கேட்க வேண்டியவை எளியவை. சேரியிலும் இருளர் குடியிருப்பிலும் தனித்தனியாகக் கூட்டம் நடத்தி, அவர்கள் மறுத்தால் திட்டத்தை நிறுத்த வேண்டும். வேலிக்கு முன்னால் பஞ்சமி நிலப் பதிவேட்டையும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கொடுத்த மனுக்களையும் பார்க்க வேண்டும். மேய்ச்சலுக்கும் விறகுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். விதை அறிந்தவருக்குத் தொழில்நுட்பப் பணியாளர் என்ற பதவியும் மாதச் சம்பளமும் தர வேண்டும். பிழைத்த கன்றுகளின் எண்ணிக்கையோடு, யார் யாருக்கு எவ்வளவு பணம் போனது என்பதையும் ஊரறிய எழுதி வைக்க வேண்டும்.

2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கப் பத்தாண்டு இலக்கு வைத்திருக்கிறது. இந்த வேலைகளுக்கு இனி நிறையப் படித்த இளைஞர்கள் தேவைப்படுவார்கள். உங்களில் பலர் அங்கே போவீர்கள். போங்கள். முதல் கூட்டத்திலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் எந்த ஊர்க் காற்றைக் கெடுத்து வந்தது? ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் எந்தத் தெருவில் வசிக்கிறார்கள்?