சன்னல் விளிம்பில் விட்டு வந்த மருந்து

 

சென்ற டிசம்பர் விடுமுறையில் மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர் பதினொருவருடன், உரிய அனுமதி பெற்று, கொடைக்கானல் மலையில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் காட்டுப் பாதையில் நடந்தோம். ஆளுக்கொரு முதுகுப் பை. புறப்படுமுன் முஸ்ஹஃப், தொழுகை விரிப்பு, கிப்லா காட்டும் கருவி அனைத்தையும் சரிபார்த்தோம். மூவர் அத்தர் குப்பிகூடக் கொண்டு வந்திருந்தனர்.

பாதி வழியில் ஒரு மாணவனுக்கு மூச்சுத் திணறியது. அவனுடைய இன்ஹேலர் தங்குமிடத்தின் சன்னல் விளிம்பிலேயே இருந்தது. இருவர் செங்குத்தான பாதையில் மேலே ஓடினர். அவன் முன்குனிந்து அமர்ந்திருக்க, உதட்டின் நிறம் மாறுகிறதா என்று பார்த்தபடியே நாம் திக்ரு செய்துகொண்டிருந்தோம். மருந்து வந்து சேர நாற்பது நிமிடங்களுக்கு மேலாயிற்று. அல்ஹம்துலில்லாஹ், மூச்சு சீரானது.

ஊர் திரும்பியதும் இரண்டு விதமான பேச்சைக் கேட்டோம். "தவக்குல் வைத்துப் போனீர்கள் ஹஜ்ரத், அல்லாஹ் காப்பாற்றினான்" என்றனர் சிலர். "மருந்தைக்கூட மறப்பானா ஒரு பிள்ளை!" என்று அவனைக் கடிந்தனர் சிலர். இரண்டையும் நம்மால் ஏற்க இயலவில்லை.

யமன் நாட்டவர் சிலர் கட்டுச்சாதமின்றி ஹஜ்ஜுக்கு வருவர். தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்பர். மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்துவர். இதையொட்டியே, பயணத்திற்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. வெறும் பையுடன் கிளம்பிவிட்டு அதற்குத் தவக்குல் எனப் பெயரிடுவது புதிய வழக்கமன்று.

இனி, மறந்தவனைக் கடிவது பற்றி. மூஸா (அலை) அவர்களுடன் நடந்த இளைஞர், உணவுக்கென எடுத்துச் சென்ற மீன் பற்றிச் சொல்ல மறந்தார். களைத்துப் பசித்திருந்த நபியவர்கள் அவரை ஏசியதாகக் குர்ஆனில் இல்லை. வந்த சுவட்டிலேயே இருவரும் திரும்பி நடந்தனர். ஹிஜ்ரத்தின்போது உணவுப் பையைக் கொணர்ந்த அஸ்மா (ரலி) அதைக் கட்டும் கயிற்றை மறந்துவிட்டார் என்று ஸீரா நூல்கள் கூறும். தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டினார். 'இரு கச்சையுடையவர்' என்னும் சிறப்புப் பெயரே அவருக்கு நிலைத்தது.

மறந்து தொழுகையை விட்டவர் மீது பாவமில்லை. ஆயினும் நினைவு வந்ததும் தொழுதே ஆக வேண்டும். ஆண்டுதோறும் நாம் நடத்தும் பாடம் இது. அப்படியானால் இந்தப் பயணத்தில் திருப்பிச் செய்ய வேண்டியது யாருடையது?

மூவர் பயணம் போனால் ஒருவரை அமீராக்கிக்கொள்ளுமாறு ஹதீஸ் உண்டு. அன்று அமீர் நாமே. அவனுக்கு இளைப்பு நோய் உண்டென்று அவன் உம்மா சேர்க்கைப் படிவத்தில் எழுதியிருந்தார். அதை நாம் படித்துமிருந்தோம். மலையேறும் காலையில் நினைவில்லை. பத்துப் பேர் முன்னிலையில் மருந்தை எடுக்க அவனுக்கு வெட்கம் என்பதும் பிறகே தெரிந்தது. மறதியில் பாதி அந்த வெட்கம்தான் என்பது நம் எண்ணம். பிள்ளையின் நோயை மறைக்கப் பழக்கும் வீடுகளும் இதைச் சற்று யோசிக்கட்டும்.

அந்த உம்மாவிடம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். இப்போது மருந்து இரண்டு: ஒன்று அவன் சட்டைப்பையில், மற்றொன்று அமீரிடம். புறப்படும் முந்தைய இரவு இஷாவுக்குப் பின் எல்லோரும் பையைப் பாயில் கொட்டிக் காட்ட வேண்டும். தண்ணீர், போர்வை, டார்ச் ஆகியவற்றை அடுத்தவர் எண்ணிப் பார்ப்பார்.

அடுத்த பயணத்திற்கு அவனையே அமீராக்கினோம். முதலில் அவன் கொட்டச் சொன்னது நம் பையை. டார்ச் இருந்தது, பேட்டரி இல்லை.